பிரிட்ஜ் கதவில் ஒட்டிய வரைபு

கணிதம் படிப்பித்தவன் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், அவருக்கு இரண்டு நோய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று வந்த நோய், மற்றது அவன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் ஓய்வு பெற்ற வருடம்தான் என் மனைவியின் கைவிரல்கள் வீங்கத் தொடங்கின. எனக்குத் திருத்துவதற்கு விடைத்தாள் இல்லாமற்போன நேரம் பார்த்து அவளுடைய இரத்தப் பரிசோதனைத் துண்டு கையில் வந்து சேர்ந்தது.

முதலில் காலையில் மட்டும்தான். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் விரல்களை மடக்க ஒரு மணித்தியாலம் செல்லும். இடியப்ப உரலைத் திருக ஏலாது என்று மகளைக் கூப்பிடுவாள். ரொட்டிக்கு மாப் பிசைவதில் எங்கள் தெரு ஒழுங்கையிலேயே பேர்போனவள், மாவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். “என்ன புள்ள?” என்று கேட்டால், “நோகுது” என்பாள். அந்த முதல் மாதத்தில் ஒவ்வொரு நாளும் சொன்னாள். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னால் வரப்போகிற கதைக்கு இது முக்கியம் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

கல்முனையில் ஒரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்க எழுதினார். இரண்டு எண்கள் வந்தன. ஈஎஸ்ஆர் எழுபத்தெட்டு. சிஆர்பி முப்பத்தொன்று. இரண்டுமே இருக்கவேண்டிய அளவைவிட மிகவும் கூட. “உடம்புக்குள்ள அழற்சி இரிக்கி. மூட்டுவாதமா இருக்கலாம். சுணங்காம கிளினிக்குக்குப் போங்க” என்று ஒரு கடிதம் தந்தார். அங்கே என்ன மருந்து தருவார்கள் என்று கேட்டேன். ஒரு குளிசையின் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தக் குளிசையைப் பற்றி போனில் தேடி வாசித்தேன். புற்றுநோய்க்கும் அதைக் கொடுப்பார்களாம், ஈரலைச் சோதித்துச் சோதித்துத்தான் கொடுக்கவேண்டுமாம். அவ்வளவுதான், போனைக் கவிழ்த்து வைத்தேன். என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், நோவுக் குளிசையை மிட்டாய் மாதிரி விழுங்கி விழுங்கிக் கடைசியில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய்ப் போய் மௌத்தானார். அவரை ஏற்றி இறக்கியவன் நான். எனக்குப் பயம். அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்லாமல், “குளிசை வாழ்க்கை நமக்கு வேணா. இயற்கையா இறக்கிக் காட்டுறன்” என்று சொன்னேன். கிளினிக் கடிதம் மேசை லாச்சிக்குள் போனது.

அவள், “உங்கட முயலுக்கு எப்பவும் மூணு காலுதானே” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எந்தப் பாடத்தையும் அடிமட்டத்திலிருந்து படிக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஈஎஸ்ஆர் என்றால் என்ன என்று படித்தேன். இரத்தத்தை ஒல்லியான நீட்டுக் குழாயில் விட்டு நிமிர்த்தி வைப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழே படிகின்றன என்று பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விரைவாக இறங்கும். சிஆர்பி ஈரல் உண்டாக்குகிற ஒரு பொருள். உடம்பில் எங்காவது பிரச்சினை என்றால் அது கூடும். எங்கே, ஏன் என்று இரண்டுமே சொல்லாது. சளிக் காய்ச்சலுக்கும் கூடும், பல்லில் சீழ் வைத்தாலும் கூடும். இதையெல்லாம் நான் வாசித்தேன். வாசித்து, கொப்பியில் எழுதி, கீழே சிவப்புக் கோடும் அடித்தேன். விளங்கிக்கொண்டேனா என்பது வேறு கேள்வி.

வரைபுத்தாள் ஒன்று எடுத்து, கிடையாகக் கிழமைகளையும் நிலைக்குத்தாக ஈஎஸ்ஆரையும் குறித்து, எழுபத்தெட்டில் முதல் புள்ளியை வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்த பிரிட்ஜ் மகளுடையது. வீடும் மகளுடையதுதான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார். பெற்ற நாங்கள் பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்கிக்கொள்வோம். அடுப்படி மட்டும் ஒன்று. ஆகவே என் மனைவியின் ஈஎஸ்ஆர் மருமகன் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் பட்டது. அவர் பாவம், ஒன்றும் கேட்கமாட்டார்.

சீனியை நிறுத்தினேன். பேக்கரிப் பணிஸ், பராட்டா, பொரியல் எல்லாம் நிறுத்தினேன். வெறும் வயிற்றில் தேனில் குழைத்த கறுஞ்சீரகம். மரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் மருந்து இருக்கிறது என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். எங்களில் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமுடியாது, அவளாலும் முடியாது. பத்து மணிக்கு மஞ்சளும் மிளகும் போட்ட பால். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை, சூடை மீன். சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நாற்பது நிமிட நடை. நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். திரும்பிப் பார்த்தால் தூரத்தில் நின்று சேலைத் தொங்கலைச் சரி செய்துகொண்டிருப்பாள். “சுறுக்கா வா புள்ள” என்பேன். பாத மூட்டுகளும் வீங்கிய ஒருத்திக்கு மணலில் ஒவ்வொரு அடியும் எப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தால் நடை நின்றுவிடுமே.

இரண்டு மாதத்தில் எழுபது. எட்டு இறங்கியிருந்தது. எனக்கோ பெருநாள். அவளிடம் தாளை நீட்டினேன். “நல்லம்” என்றாள். “கை?” என்று கேட்டேன். “அது அப்படித்தான் கிடக்கு, நோகுது” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. நல்ல புள்ளி எடுத்த பிள்ளை அழுதால் வருகிற கோபம். “எண் இறங்கிக்கிட்டு வருது, நீ நோகுது நோகுது எண்டு கொண்டிருக்காய். மனச விட்டுடாத” என்று சத்தம் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் நோகுது என்று சொல்லவில்லை. நான் அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து எடுத்த மூன்றாவது பரிசோதனையில் ஈஎஸ்ஆர் இருபத்திநாலு. லெப்பில் அந்தத் துண்டை வாங்கிய இடத்திலேயே நின்று இரண்டு தரம் பார்த்தேன். சிஆர்பியும் இறங்கியிருந்தது. அவளுடைய முகமும் தெளிந்து, கன்னம் உருண்டு, நாங்கள் கல்யாணம் முடித்த புதிதில் இருந்த மாதிரி ஆகியிருந்தது. விரல் வீக்கம் வற்றியிருந்தது. வரைபில் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. காக்காவுக்குச் செய்ய முடியாததை இவளுக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் உணவு முறையை ஒரு தாளில் எழுதி, போட்டோக்கொப்பி அடித்துப் பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு நான் நிற்கும் பக்கம் வராமல் சிலர் மற்ற வாசலால் போனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதற்குள் ஒரு குழாய்ச் சண்டையும் நடந்துகொண்டிருந்தது. பின்வளவில் நாங்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கிற குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அவள்தான் கடைசியாகத் திறந்திருப்பாள். “இறுக்கிப் பூட்ட ஏலாதா?” என்று கத்துவேன். வொஷர் மாற்றினேன். பிறகும் சொட்டியது. முழுக் குழாயையுமே மாற்றினேன், பித்தளையில் நல்ல பாரமான திருகுக் குழாய். அதுவும் சொட்டியது. இந்தக் காலத்துச் சாமான்களில் ஒன்றும் உருப்படியில்லை என்று கடைக்காரரோடும் சண்டை பிடித்தேன். அந்தப் புதிய குழாயைத் திருகி இறுக்க அவளுடைய மணிக்கட்டில் வலு இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது பரிசோதனைக்குப் பிறகு சில கிழமை சொட்டு நின்றது. புதுக் குழாய் படிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு நோன்பு வந்தது.

எங்கள் வீட்டில் நோன்பு காலத்தில் தனிமை என்று ஒன்று கிடையாது. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எல்லோரும் ஒரே அடுப்படியில்தான். மகள் கறியைச் சூடாக்குவாள், மருமகன் வாழைப்பழம் உரிப்பார், நான் மேசையின் தலைமாட்டில் இருந்துகொண்டு இவள் கறுஞ்சீரகம் சாப்பிட்டாளா, தண்ணீர் எத்தனை கோப்பை குடித்தாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பகல் முழுக்க வாய்க்கு வேலையில்லை. நோன்பு திறந்தால் கஞ்சி, பேரீச்சம்பழம், அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, வருகிற போகிற சனம். அவளுக்கு ஒரு நிமிடம்கூட அவளுடையதாக இருக்கவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்றும் தெரியாது.

நான்காம் நோன்பில் சோர்ந்துபோய்ப் படுத்தாள். ஐந்தாம் நோன்பில் சஹர்ச் சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. “நோன்ப விட்டுடு புள்ள” என்றேன். “தலைநோன்பு பிடிச்சிட்டு இப்ப விடவா? கொஞ்சம் படுத்தாச் சரியாகிடும்” என்றாள். ஆறாம் நோன்பு, பின்னேர அசருக்குப் பிறகு, மகள் கஞ்சிக்கு இஞ்சி உரித்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் பார்த்தால் அவள் சுவரோடு சாய்ந்து கிடக்கிறாள். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்த்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகன் வான் பிடித்தார். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரஷர் எடுக்கவே முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. வாட்டுக்கு வந்த டொக்டர் என்னைக் கண்டதும், “சேர்?” என்றார். என்னிடம் படித்த பிள்ளை. வகுப்பில் மூன்றாம் வாங்கில் சன்னல் பக்கம் இருந்தவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்பதற்கு முன்னமே ஒப்புவித்தேன்: அழற்சி இருந்தது, எழுபத்தெட்டு, இயற்கையாக இருபத்திநாலுக்கு இறக்கிவிட்டோம், கறுஞ்சீரகம், மஞ்சள், சீனி இல்லை, மருந்து ஒன்றுமே இல்லை. அந்த வேளையிலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அது என் காதிலேயே கேட்டது.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார். அந்த உருண்ட கன்னத்தை விரலால் தொட்டார். கையின் தோலைத் தூக்கிப் பார்த்தார், அதில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. “உம்மா, ஏதும் குளிசை குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க, எனக்கு இப்பத் தெரியணும்” என்று குனிந்து கேட்டார்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், டொக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

“அவரக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க.”

நான் வெளியே போனேன். விறாந்தையில் ஆட்கள் இருக்கிற மரவாங்கு ஒன்று கிடந்தது. இருந்தேன். அவள் மௌத்தாகிவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, என்ன சொல்லுகிறாள், நான் கேட்கக்கூடாத எதைச் சொல்லுகிறாள் என்பது மறுபக்கம். சுவர்ப்பக்கம் பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா மகனுக்குச் சோற்றுப் பார்சலோடு காத்திருந்தார். அவர்தான், “ஐயா, பள்ளியில வாங்கு சொல்லிட்டுது. நோன்பு துறக்கல்லயா? இந்தாங்க, தண்ணியக் குடியுங்க” என்று தன் போத்தலை நீட்டினார். எனக்கு வாங்கு கேட்கவே இல்லை. நோன்பு திறக்கிற துஆவை ஓதும்போது இடையில் மறந்துபோனது.

ஊசியும் சேலைனும் ஏறி அவள் கொஞ்சம் தெளிந்த பிறகு டொக்டர் வெளியே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்று மாதமாக அவள் ஸ்டீரொயிட் குளிசை குடித்து வந்திருக்கிறாள். அவளுடைய ராத்தா, அட்டாளைச்சேனையில் இருப்பவர், யாரிடமோ வாங்கித் தன் முழங்கால் நோவுக்கு வைத்திருந்தது. தங்கை கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அழற்சியை இறக்கியது அதுதான். முகத்தை உருட்டியதும் அதுதான். அந்தக் குளிசையைக் கொஞ்ச நாள் குடித்தால் உடம்பு அதேமாதிரிப் பொருளைத் தானாக உண்டாக்குகிற வேலையை நிறுத்திவிடுமாம். திடீரென்று விட்டால் உடம்பிடம் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். அவளுக்கு அது தெரியாது. நோன்பு வந்ததும் விட்டுவிட்டாள்.

“சஹர்ல குடிச்சிருக்கலாமே” என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

“சஹர்ல நீங்க பக்கத்தில இருந்தீங்களாம், சேர்.”

அவர் மெதுவாக, “இயற்கையாச் செய்யிறத்தில பிழையில்ல. சீனியக் குறைக்கிறது, மீன், கீரை, நடக்கிறது எல்லாம் உதவும். ஆனா இந்த வருத்தம் அதில மட்டும் நிக்காது. மூட்டத் திண்டுடும். எட்டு இறங்கினதும் உங்கட சாப்பாட்டாலயா சும்மாவா எண்டு சொல்ல ஏலா” என்றார். எழும்பும்போது, “சேர், எங்களுக்கு விடைக்கு மட்டும் புள்ளி தரமாட்டீங்க. கணக்கச் செஞ்ச வழி எங்க எண்டுதான் கேப்பீங்க” என்றார். குத்திக்காட்டவில்லை. ஆனாலும் குத்தியது. வழி தெரியாமல் வந்த சரியான விடையைக் கண்டால் பார்த்து எழுதினாயா என்று காதைத் திருகியவன் நான். எழுபது ஒரு மாதத்தில் இருபத்திநாலு ஆனபோது எந்தக் காதையும் திருகவில்லை.

வீட்டுக்குப் போய் அவளுக்கு உடுப்பு எடுக்கும்போது மகள் பர்தா ஊசி வைக்கிற டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். ஊசிகளுக்கு அடியில் குளிசை அட்டை. அந்த ஊசியைக் குத்திக்கொள்ள முடியாமல்தான் அவள் காலையில் மகளைக் கூப்பிடுவாள் என்பதையும் அன்றுதான் மகள் சொன்னாள். “உனக்குத் தெரிஞ்சிருந்திச்சா?” என்று கேட்டேன். “குளிசை தெரியா வாப்பா. நோகுது எண்டு தெரியும்” என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ராத்தா வந்தார். அழுதுகொண்டுதான் வந்தார். நானோ பழியைப் போட ஆள் கிடைத்தது என்று பாய்ந்தேன். என்ன குளிசை என்று தெரியாமல் எப்படிக் கொடுக்கலாம் என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கண்ணைத் துடைத்தார். “கொடுத்தது பிழைதான் மச்சான். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஆனா அவள்ட கையப் பாத்தா ஆருக்குத்தான் மனசு கேக்கும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா? உங்களுக்கு லெப் துண்டு வேணுமாகிட்டுதே” என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, “என்னகா, சாப்பிட்டியா?” என்று என்னை விட்டுவிட்டார்.

அவர் போன பிறகு நான் அவளிடம் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட விசாரித்தேன் என்பதுதான் சரி. “என்ன ஏமாத்திட்டாய். நான் ஊரெல்லாம் தாள் குடுத்துத் திரிஞ்சன். ஏன் எனக்குச் சொல்லல்ல?”

அவள் சேலைன் ஏறுகிற கையை அசைக்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொன்னேனே” என்றாள். “முதல் மாசம் ஒவ்வொரு நாளும் சொன்னன். பொறகு அந்தத் தாள் வந்திச்சு. நீங்க என்னக் கேட்டுட்டுத் தாளப் பாப்பீங்க. ரெண்டும் வேற வேறயாச் சொன்னா எனக்குத்தான் ஏச்சு.” பிறகு, “அது இறங்கின நாள் நீங்க எவ்வளவு சந்தோசப்பட்டீங்க. காக்கா மௌத்தானதுக்குப் பொறகு அப்படி ஒரு முகத்த நான் காணல்ல. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல்ல” என்றாள்.

அவள் என்னை ஏசியிருந்தால் பதில் ஏசியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? வாட்டுக்கு வெளியே போய், ஆட்கள் பார்க்க அழுதேன்.

அந்த வருடம் அவளுக்கு மிச்ச நோன்பு இல்லை. பிடிக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஸ்டீரொயிட் குளிசையைக் கிழமைக்குக் கிழமை குறைத்து, மூட்டுவாதக் கிளினிக்கில் பதிந்து, நான் பயந்த அதே குளிசையைக் கிழமைக்கொரு தரம் குடிக்கத் தொடங்கினாள். லாச்சியிலிருந்து எடுத்த பழைய கடிதத்தை அங்கே கொடுத்தபோது தாதி அதிலுள்ள திகதியின் கீழே பேனையால் ஒரு கோடு போட்டார். வலது கையில் இரண்டு விரல் கொஞ்சம் கோணிவிட்டது. சுணங்காமல் வந்திருந்தால் அது அப்படி ஆகியிருக்குமா என்று நான் அங்கே கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

பிரிட்ஜ் கதவிலிருந்து வரைபைக் கிழித்தேன். பசை போகாமல் நான்கு மூலையும் இன்றும் வெள்ளையாகத் தெரிகிறது. பின்வளவுக் குழாயைக் கழற்றிவிட்டு, முழங்கையால் தட்டினாலே பூட்டுகிற நீட்டுக் கைபிடிக் குழாய் வாங்கிப் போட்டேன். அதுவரை அப்படி ஒரு குழாய் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கடைக்காரர் என்னைக் கண்டதும் சண்டைக்கு ஆயத்தமானார், நான் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிகக் கடினமான வேலை, கொடுத்த தாள்களைத் திருப்பி வாங்கியதுதான். பெருநாள் முடிந்து ஒரு கிழமை வீடு வீடாகப் போனேன். அநேகம் பேர் அதைத் தொலைத்திருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். மீன் வியாபாரி ஒருவர் மட்டும் தன் மனைவிக்கு அப்படியே செய்துவருவதாகச் சொல்லி, தர மறுத்தார். “சேர், உங்கட மனிசிக்கு இறங்கினதுதானே?” என்றார். “அது குளிசையில இறங்கினது. எனக்குத் தெரியாமக் குடிச்சா. நோகுது எண்டு எனக்குச் சொல்லப் பயந்து குடிச்சா” என்றேன். அப்படியே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தாகிவிட்டது, இனி என்ன? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “எங்கட ஆளும் இப்ப ஒண்டும் சொல்றல்ல” என்று மெல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவை அவர் அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். அங்கே நானும் வரிசையில் நின்றேன். ஒருவரையொருவர் கண்டும் காணாத மாதிரி இருந்துகொண்டோம்.

சீனி இப்போதும் எங்கள் வீட்டில் குறைவுதான். கறுஞ்சீரகமும் இருக்கிறது, அவள் விரும்பினால் சாப்பிடுவாள். நடப்பதும் உண்டு, மணலில் இல்லை, தார் றோட்டில். நான் அவளுக்குப் பின்னால் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவசரக்காரனுக்கு அது பெரிய தண்டனை.

போன கிழமை புதிய ரிப்போட் வந்தது. லெப்பில் வாங்கி, வாசலிலேயே பிரித்தேன். இந்தப் பழக்கம் என்னை மௌத்து வரைக்கும் விடாது. ஈஎஸ்ஆர் இருபது. இந்தத் தடவை வழி தெரிந்த இருபது. சைக்கிளை உழக்கிக்கொண்டு, ஒழுங்கை முனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அவள் பின்வளவில் மத்தியான லுஹருக்கு ஒழு எடுத்துவிட்டு, முழங்கையால் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தாளைக் கண்டாள். கண்டதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று தெரிவதற்கு முன்னமே எனக்காக ஆயத்தமாக்கி வைத்த சிரிப்பு. மூன்று மாதம் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் குணமாகிவிட்டது என்று நம்பியிருந்தேன்.

தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

“கை எப்படி இரிக்கி புள்ள?”

அவள் என்னுடைய பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. ஒழுத் தண்ணீர் விரல்களிலிருந்து வடிந்துகொண்டிருந்தது.

“நோகுது” என்றாள்.

படியில் இருந்தேன். அவளும் வந்து பக்கத்தில் இருந்து, கோணிய விரல் இரண்டையும் என் மடியில் வைத்தாள்.

“எங்க?” என்று கேட்டேன். லுஹருக்கு வாங்கு சொல்லுமட்டும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.